பனிமண்ணுக்குக் காய்ச்சல்

யாகுத்ஸ்க். ஜனவரி. மைனஸ் நாற்பத்தேழு.
இந்தக் குளிரில் பேனா எழுதாது, பென்சில்தான்.
என் வேலை கட்டடங்களுக்கு அடியில்:
தூண்கள்மேல் நிற்கும் ஐந்து மாடிக்குக் கீழே
குனிந்து நுழைந்து,
மண்ணில் இறக்கிய இரும்புக் குழாய்க்குள்
கம்பிச்சரம் விட்டு,
என்றும் உறைந்திருக்க வேண்டிய பனிமண்ணுக்குக்
காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பது.

ஆறு மீட்டர் ஆழத்தில்
போன வருடம் மைனஸ் மூன்று புள்ளி நான்கு.
இன்று மைனஸ் ஒன்று புள்ளி ஒன்பது.

இரண்டு முறை பார்த்தேன்.
மூன்றாம் முறை பார்க்கும்போது
வேறு எண் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
வேண்டிக்கொள்கிறவள்
அளவெடுக்க லாயக்கில்லை.

காரணம் பத்தடியில் இருந்தது.
இரண்டாம் நுழைவாயில் பக்கம் காற்றே இல்லை.
நான்கு தூண்களுக்கு நடுவே பலகை,
பலகைமேல் பழைய மெத்தை,
மெத்தைமேல் மண்வெட்டியால் தட்டித் தட்டி
வழவழப்பாக்கிய பனி.
யாரோ அக்கறையாகச் செய்திருந்தார்கள்.
இடுக்கில் கை விட்டேன்.
இதமாக இருந்தது.
பயம் வந்தது.

எர்ச்சிமேன் கதவைத் திறந்தான், காலில் இரண்டு ஜோடி காலுறை.
"கீழேயிருந்து குளிர் ஏறுகிறது.
மகள் தரையில்தானே விளையாடுகிறாள்?"

குளிருக்கு ஏது கால், ஏற?
உன் ரேடியேட்டரிலிருந்து அறைக்காற்றுக்கு,
காற்றிலிருந்து துயாராவுக்கு,
அவள் உள்ளங்காலிலிருந்து லினோலியத்துக்கு,
கான்கிரீட்டுக்கு,
இறங்கிக்கொண்டே இருக்கிறது ஒன்று,
இருப்பவனிடமிருந்து இல்லாதவனுக்கு,
யாரும் கைநீட்டிக் கேட்காமலே,
இரண்டு பக்கமும் சமமாகும் வரை.
அடியில் ஓடும் காற்று
அதை அள்ளிக்கொண்டு லேனா நதிப்பக்கம் போகாவிட்டால்
அது பனிமண்ணுக்குள் போய் உட்காரும்.
பனிமண் கூழாகும்.
ஒரு தூண் அரை விரல் இறங்கும்.
நான்காம் மாடியில் முன்பின் தெரியாத ஒருத்தியின்
சமையலறைச் சுவர் வாய் பிளக்கும்.

இத்தனையும் சொல்ல நினைத்து
"பலகையை எடுத்துவிட வேண்டும்" என்றேன்.
என்னையே பார்த்தான். பிறகு
கடப்பாரையைத் தேடப் போனான்.

ஆணி ஒன்று வர மறுத்தது.
கையுறையைக் கழற்றினான், உடனே கையை உதறினான்.
ஆணியும் பலகையும்
ஒரே இரவில் கிடந்தவை, ஒரே மைனஸ் நாற்பத்தேழு.
பலகை
கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் கேட்கும்.
இரும்பு வழிப்பறி.

கடைசிப் பலகை விழுந்தபோதுதான்
பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுபோனது தெரிந்தது.
துயாரா, நாலு வயது,
என் குழாயின் விளிம்பில் நாக்கை வைத்திருந்தாள்.
கண் மட்டும் எங்களைப் பார்த்தது.

"இழுக்காதே!" என்று கத்தினேன் அப்பன்மேல்.
என் பிளாஸ்கில் மிச்சமிருந்தது
காலையில் ஊற்றிய பால் தேநீர், வெதுவெதுப்பாக.
மூடியில் சரித்து
நாக்குக்கும் இரும்புக்கும் நடுவே சொட்டு சொட்டாக விட்டேன்.
இரும்பு குடித்தது. இன்னும் குடித்தது.
போதும் என்று
பிள்ளையை விட்டது.

அழுதாள். நிறுத்தினாள்.
உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு
"சர்க்கரை போடலையா?" என்றாள்.

எர்ச்சிமேன் சிரிக்கவில்லை,
பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.
தூண்களுக்கு நடுவே காற்று
மறுபடி போக ஆரம்பித்திருந்தது,
கிழிந்த மெத்தையின் பஞ்சை இழுத்துக்கொண்டு.

மறுநாள் ஒரு கலைமான் தோல் கொண்டுபோனேன்.
அதன் ஒவ்வொரு மயிரும் உள்ளே கூடு,
கூட்டில் அடைபட்ட காற்று,
அடைபட்ட காற்றுபோல் சோம்பேறி கிடையாது;
யார் கொடுத்ததையும் சீக்கிரம் யாருக்கும் கடத்தாது.
விரித்தோம், வீட்டுக்கு உள்ளே,
லினோலியத்துக்கு மேலே.
துயாரா அதன்மேல் தன் டிராக்டரை ஓட்டினாள்,
ஓடவில்லை, திட்டினாள்.

இது எதுவும் அறிக்கையில் இல்லை.
அறிக்கையில்:
இரண்டாம் நுழைவாயில், தடுப்பு அகற்றப்பட்டது.
ஆறு மீட்டர், மைனஸ் ஒன்று புள்ளி ஒன்பது.
அடுத்த அளவு மார்ச்சில்.
பிற காரணிகள் என்ற கட்டத்தில்,
நேர்மை கருதி, பென்சிலால்:
தேநீர், அரைக் கோப்பை.